மஞ்சள் முடிச்சில் ஒரு வெல்ல உருண்டை

போன மாதம் அடையாறில் ஒரு சர்க்கரை டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பரிசோதனைக் காகிதத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "ஸ்வீட் நிறைய எடுத்துப்பீங்களா மேடம்? எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

"பத்து வயசுலேர்ந்து" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் எந்த பஸ்ஸில், எந்த வளைவில் என்பதையும் சொல்லியிருப்பேன். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றார்.

"இனிப்பையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டார்ப்பா."

"எங்க நைனாவுக்கும் அதான் சொன்னாங்க. அவரு டாக்டர நிறுத்திட்டாரு. இப்ப நல்லாத்தான் கீறாரு."

மந்தைவெளியில் வீடு வந்து சேரும்வரை, பத்து வயதில் தின்ற அந்த வெல்ல உருண்டையையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் நான் தின்ற இனிப்புகளில் அடுத்தவருக்கு உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான்.

அப்போது நாங்கள் தி. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பாத்திரக்கடை. கடையில் நூறு குடம் இருந்தது; அவற்றில் ஒன்றிலாவது ஊற்றிவைக்க ஊரில் தண்ணீர் இல்லை. அந்தக் கோடையில் மெட்ராஸ் முழுக்கவே லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் மூடியதும் என்னை மலையில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. குழந்தைக்குக் குளுகுளுவென்று இருக்கும், தங்கைக்கும் துணையாயிற்று என்று அம்மா பல காரணங்கள் சொன்னாள். ஓர் ஆள் குறைந்தால் ஒரு நாளைக்கு இரண்டு குடம் மிச்சம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானோ சாதாரண ஆள் இல்லை, கொஞ்சம் குண்டு. மூன்று குடம்கூட இருக்கலாம்.

அந்த மலை ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தரமணியிலும் பெருங்குடியிலும் வேலை பார்க்கிற என் உறவுக்காரப் பிள்ளைகள் வருகிற சனிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு கடைத்தெரு, ஒரு சர்ச், ஒரு முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை சந்தை. அதைச் சுற்றி மேலும் கீழுமாக ஏழெட்டுக் கிராமங்கள்; அந்தக் கிராமத்துக்காரர்களுக்கு அதுதான் டவுன். இவ்வளவையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தது ஒரே ஒரு பஸ். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என் சித்தப்பா.

கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சித்தப்பா டிக்கெட் கிழித்த நேரத்தைவிடச் சாமான் வாங்கிய நேரம்தான் அதிகம். ஒரு கிராமத்துக்காரர் இன்னொரு கிராமத்துக்கு எதை அனுப்பினாலும் அவர் கையில்தான் வரும். இருமல் மருந்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை, கால் கட்டிய கோழி, கோர்ட்டுக் காகிதம். எதிலும் விலாசம் இருக்காது. "ரெண்டாவது வளைவு, பலாமரத்து வீடு" என்று வாயால் சொல்வார்கள், அவரும் தலையை ஆட்டுவார். பதினாலு வருஷத்தில் ஒரு சாமான் மாறிப்போனதில்லை, ஒன்றையும் அவர் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு பேருக்குள் சண்டை வந்தால், "வா, கண்டக்டர்கிட்டக் கேப்போம்" என்று பஸ் வரும்வரை சண்டையை நிறுத்திவைப்பார்களாம். கோர்ட்டுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அவர் கொண்டுபோன சாமான்களில் ஒன்றுக்கு மட்டும் தனி மதிப்பு. இதை எனக்குச் சித்தி விளக்கிச் சொன்னபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. உங்களை அவ்வளவு காலம் காக்கவைக்க விருப்பமில்லை.

அந்தக் கிராமங்களில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பெண் வீட்டார் எட்டு நாளைக்குள் பதில் அனுப்ப வேண்டும். வாயால் சொல்லக் கூடாது, நேரில் போகவும் கூடாது. ஒரு மஞ்சள் துணியில் வெற்றிலை, பாக்கு, விரலி மஞ்சள் வைத்து முடிந்து அனுப்புவார்கள். சம்மதம் என்றால் உள்ளே ஓர் உருண்டை வெல்லமும் இருக்கும். வெல்லம் இல்லையென்றால் சம்மதம் இல்லை. வெல்லம் வந்தால் நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் பூவோடு வருவார்கள். வரவில்லையா, ஏன் என்று ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரைக் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு வீட்டுக்கும் கௌரவக் குறைச்சல். ஒருவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்கிற கொடுமையைத் தவிர்க்க மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே நாகரிகமான ஏற்பாடு இது. இப்போது எங்கள் குடும்பங்களில் வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோட்டோடு மௌனமாகிவிடுகிறார்கள். வெற்றிலை பாக்காவது அனுப்பலாம்.

சித்திக்கு வீட்டில் கைக்குழந்தை. நான் அதைக் கொஞ்சுகிறேன் என்று எழுப்பிவிட்டபடி இருந்ததால், பஸ் காலையில் போய்வருகிற நடைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போகும்படி சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து கிளம்பி மலையுச்சிக் கிராமம், திரும்ப ஊர், பிறகு அந்தப் பக்கம் இறங்கிப் பள்ளத்துக் கிராமம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. முன்பக்கம் ஒற்றை ஸீட் எனக்கு. ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னை ஒரு தரம் சாவி கொடுத்துப் பார்ப்பார்கள்.

"ஏ மெட்ராஸு, ஒருக்கா 'இன்னா' சொல்லு."

"இன்னா?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். தெருக்குழாயடியில் நான் கற்றுக்கொண்ட அந்தச் சொல்லுக்காக அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன். இங்கே அதற்குக் கொய்யாப்பழம் கொடுத்தார்கள்.

நான் போய்ப் பத்து நாள் இருக்கும். உச்சிக் கிராமத்தில் பஸ் நின்றதும் ஒரு பெரியவர் வந்தார். வெளுத்த வேட்டி, குளித்த தலை. கையில் மஞ்சள் முடிச்சு. அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பள்ளத்துக்கு, கண்டக்டரே. லாரிக்காரர் வீடு."

சித்தப்பா கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குச் சந்தைக்கு மறுநாள். வைக்க இடமில்லாமல் பஸ்ஸில் கோழியும் கூடையுமாகக் கிடந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தார்.

"அவுக்கக் கூடாது. கீழ போடக் கூடாது. என்ன?"

"பொட்டப்புள்ள மடிதான. நல்லதுக்குத்தான்" என்றார் பெரியவர்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மகள் பஸ்ஸில் ஏறினாள். நீலத் தாவணி, கையில் சுருட்டிய வெள்ளைத்தாள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு ஊரில் டைப் கிளாஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தக் கிராமத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான். எனக்கு எதிரில், இன்ஜின் மேல் போட்டிருந்த சாக்கில் வந்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. சித்தப்பா கூட்டத்துக்குள் நுழைந்து பின்பக்கம் போய்விட்டார்.

அந்த அக்கா முதலில் என்னைப் பார்க்கவில்லை. முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவு தாண்டியதும், "காலைல என்ன பாப்பா சாப்பிட்ட?" என்றாள்.

"ஒண்ணும் சாப்டல. சித்தி களி குடுத்தாங்க. எனக்குப் புடிக்காது."

"வெல்லம் பிடிக்குமா?"

என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இவ்வளவு சுலபமானது வேறு எதுவும் இல்லை.

அவள் குனிந்து, என் மடியில் வைத்தபடியே முடிச்சை அவிழ்த்தாள். மிக இறுக்கமான முடிச்சு. அவள் அம்மா போட்டதாக இருக்கும். இவள் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. வெற்றிலைக்கு நடுவில் இருந்த உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். பெரிய எலுமிச்சை அளவு, கறுப்பாக, லேசாகச் சுக்கு வாசனையோடு. மறுபடி முடிச்சைப் போட்டாள். பழைய முடிச்சு போலவே இருந்தது. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"முழுசும் தின்னுரணும். மிச்சம் வைக்கக் கூடாது. டவுன் வர்றதுக்குள்ள."

ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாமே என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். மங்கலத்துக்கு வைத்த பொருளை எறிவது பாவம். ஒரு குழந்தை தின்றுவிட்டால் யார் மேலும் பாவமில்லை. பன்னிரண்டாவது படித்த பெண், யோசித்துத்தான் செய்திருக்கிறாள்.

முதல் பாதி ஆனந்தமாகப் போனது. அது கல் மாதிரி இருந்ததால் கடிக்க முடியவில்லை. ஓரமாகக் கரைத்து, உடைத்து, மென்று. நாலாவது வளைவில் பல் கூசியது. ஐந்தாவது வளைவில் மெட்ராஸ் ஞாபகம் வந்தது.

"போதும்க்கா."

"இன்னுங் கொஞ்சந்தான். நீ கெட்டிக்காரி." தண்ணீர் கொடுத்தாள். முதுகைத் தடவினாள். "நான் டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டிருக்கேன், தெரியுமா?"

"டீச்சர் ஆனா அடிப்பீங்களா?"

"இத முடிச்சிட்டா உன்ன மாத்திரம் அடிக்க மாட்டேன்."

ஏழாவது வளைவில் அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். சித்தப்பா நாலு ஸீட் தள்ளி வந்துவிட்டார். என் கையில் இன்னும் ஒரு கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. அக்காவின் உதடு காய்ந்திருந்தது. அவளுக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பரீட்சை ஹாலில் மணி அடிக்கப்போகிறபோது சில பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் வாய்க்குள் போட்டேன். அவள் தாவணி முனையால் என் வாயையும் கையையும் துடைத்து, நாக்கை நீட்டச் சொல்லி அதையும் பார்த்தாள். டவுன் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பள்ளத்துக் கிராமத்தில் லாரிக்காரர் வீட்டு அம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். சித்தப்பா இரண்டு கையாலும் முடிச்சைக் கொடுத்தார். நானும் பொறுப்பாகப் பக்கத்தில் நின்றேன்.

அந்த லாரிக்காரரிடம் ஒரு குறையும் கிடையாது என்று சித்தி பிற்பாடு சொன்னாள். உருளைக்கிழங்கு லாரி, ஓட்டு வீடு, குடிப்பழக்கம் இல்லை. அக்காவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதை அவர் மேல் குறையாகச் சொல்ல முடியாது, அந்தப் பக்கம் யார் வீட்டிலும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு எலுமிச்சை அளவு வெல்லமும் அத்தனை வளைவுகளும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது சித்தியின் சமையலறை வாசலிலேயே ஆயிற்று. சித்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்திருப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னத்தத் தின்ன?"

"வெல்லம்."

"ஏது வெல்லம்?"

சித்தப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்து குந்தினார்.

"முடிச்ச யாரு அவுத்தது?"

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, திருட்டு என்ற அளவுக்குப் புரிந்தது. பசியோடு இருந்த எனக்கு இரக்கப்பட்டு அக்கா கொடுத்தாள், அவளைக் காட்டிக்கொடுப்பதா? தி. நகர்க்காரிகள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் முனையில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். "இத அவு பாப்போம்."

என் தலை ரிப்பனையே சித்திதான் கட்டிவிடுவாள், அவளேதான் அவிழ்ப்பாள். நகத்தால் பிறாண்டினேன். பல்லால் கடித்தேன். முடிச்சு இன்னும் இறுகியது. சித்தப்பா துண்டை வாங்கி முடிச்சோடு தோளில் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சித்திதான், "இப்பமே போயி அவுகளுக்குச் சொல்லிருங்க. வெல்லம் இருந்துச்சு, சின்னது தின்னுட்டுன்னா முடிஞ்சு போச்சு. சிரிச்சிட்டுப் போயிருவாக" என்றாள்.

"சொல்லலாம்" என்றார் சித்தப்பா. மத்தியான நடைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலமும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

நாலாம் நாள் பூ வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை உச்சிக் கிராமத்தில் அக்காவின் அப்பா பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்க முடியாது. கண்டக்டரைக் கேட்கலாம். அவருக்கு அன்றைக்கு வேட்டி அவ்வளவு வெளுப்பாக இல்லை. அக்கா கொஞ்சம் தள்ளி வெள்ளைத்தாளோடு நின்றிருந்தாள்.

"முடிச்சு போய்ச் சேந்துச்சா கண்டக்டரே?"

"அந்தம்மா கையிலயே குடுத்தேன்."

"இல்ல... உள்ள எல்லாம் சரியா..." பெரியவருக்கு மேலே கேட்க வெட்கமாக இருந்தது. "வழியில ஒண்ணும் ஆகலியே?"

சித்தப்பா அவரைப் பார்த்தார். "நான் என்னிக்காவது முடிச்ச அவுத்துப் பாத்திருக்கேனா?"

பெரியவர் பதறிப்போனார். "ஐயையோ, ஒங்களச் சொல்லுவனா. அவுகளுக்கே மனசு மாறிப்போச்சு போல. விடுங்க."

நான் ஜன்னலோரம் இருந்தேன். அந்தப் பெரியவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையே பேச வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். நாலு நாளாக நெஞ்சில் கிடந்தது கிளம்பிவிட்டது. ஸீட்டில் ஏறி நின்று, "தாத்தா, அதுல இருந்த..." என்றேன்.

சித்தப்பா விசில் அடித்தார். அப்படி ஒரு விசிலை அந்த மலை கேட்டிருக்காது. டிரைவர் பயந்துபோய் வண்டியை எடுத்தார். அக்கா ஓடிவந்து தொற்றி ஏறினாள். விசில் நிற்கவில்லை. பெரியவர் கண்ணுக்கு மறைகிறவரை ஊதிக்கொண்டே வந்தார். ஒரு கோழி கூடையை விட்டு வெளியே வந்துவிட்டது.

உண்மை பேசப்போன குழந்தையை இப்படியா நடத்துவது? எனக்கு மானம் போயிற்று. டவுன் வரும்வரை அழுதேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அவளிடம் வந்து, "டவுனா?" என்று மட்டும் கேட்டு டிக்கெட் கொடுத்தார். அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா வந்து என்னை அழைத்துப்போனார். மெட்ராஸில் இரண்டு மழை பெய்து என் குடங்களுக்கு வழி பிறந்திருந்தது. அடிவாரத்துக்கு இறங்கும் வண்டி கிளம்பும் நேரத்தில் அக்கா வேகமாக வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் முடிச்சை என் மடியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது, உள்ளே வெற்றிலை, பாக்கு எதுவும் கிடையாது. வெல்லம் மட்டும். ஒரு தேங்காய் அளவு.

வழியனுப்ப வந்த சித்தப்பா அதைப் பார்த்தார். "மெதுவாத் தின்னு. இதுக்குப் பதில் எதிர்பாத்து யாரும் நிக்கல" என்றார்.

தி. நகரில் அந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அப்பா முயன்றார், கடைப் பையன் முயன்றான், கடைசியில் அம்மா கத்தரிக்கோலால் வெட்டினாள்.

ஆடி மாதம் சித்தியிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. அம்மா குழாயடியிலிருந்து வந்த ஈரக்கையோடு அதை உரக்கப் படித்தாள். கைக்குழந்தைக்குப் பல் முளைத்திருந்தது. லாரிக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. உச்சிக் கிராமத்துப் பெண் டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்து கீழே போய்விட்டாள். அதற்கு அடுத்த வரியில், சித்தப்பா இப்போதெல்லாம் மஞ்சள் முடிச்சு எதையும் வாங்கிக்கொள்வதில்லை, 'என்னை நம்பிக் குடுக்காதீங்க, நேர்ல போய்ச் சொல்லிக்கோங்க' என்று சொல்லிவிட்டார், ஊரெல்லாம் கண்டக்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

நான் வெல்லம் தின்ற கதையை அப்பா மூலம் கேட்டிருந்த அம்மா, கடிதத்தை மடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் உன் வாயாலதாண்டி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பதினாலு வருஷமாக அந்த மலை முழுக்க நம்பிய மனிதர், தி. நகரிலிருந்து மறுபடி ஒரு தின்னிப் பண்டாரம் வந்து பஸ்ஸில் உட்கார்ந்துவிடுமோ என்று பயந்துபோய் முடிச்சு எடுப்பதையே விட்டுவிட்டார். அவமானத்தில் அன்றைக்கே இனி வெல்லம் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். பதினெட்டாம் பெருக்குக்குச் சர்க்கரைப்பொங்கல் வைக்கிறவரை, ஆறு நாள், அந்தச் சபதத்தைக் காப்பாற்றினேன்.

அக்கா படிக்கப் போனதும் சித்தப்பா முடிச்சு வாங்குவதை விட்டதும் கடிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் இருந்தன. கீழே இருந்ததை என் கணக்கில் வைத்துக்கொண்டேன். மேலே இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.